மேனேஜருக்குப் பேன்

பேன் அவளுக்குப் பழைய எதிரி. பார்லரில் அவள் சீப்பைக் கையில் எடுத்தால் போதும். பள்ளிக்கூடப் பெண்ணிலிருந்து கல்யாணப் பெண் வரை எத்தனை தலைகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்! அதனால்தான், அக்காவின் பூனையைத் தடவும்போது விரலில் நெருடிய பொடி மெல்ல நகர்ந்ததைப் பார்த்தும் அவள் பதறவில்லை. கோபம்தான் வந்தது.

"ஏண்டா மேனேஜரே, உனக்குமா?"

ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் அதட்டுவதால் அக்கா வைத்த பெயர். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து மேனேஜருக்கு ஒரே மூலை. தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதைக்கூட விட்டுவிட்டான். முடி முழுக்கச் சிக்கு.

அக்காவோ நாளைக்கு வருகிறாள், வயிற்றில் ஆறாத தையலோடு. மாமா போன பிறகு அவளுக்குப் படுக்கையில் துணை இவன் ஒருத்தன்தான். பேன் இவனிடமிருந்து தையலுக்குத் தாவினால்?

பார்லர் பேன் மருந்தை எடுத்து வந்தாள். கைகண்ட மருந்து. கழுத்திலிருந்து வால்வரை ஊற்றினாள், அழுந்தத் தேய்த்தாள், துணியில் சுற்றி ஊறவிட்டாள். மேனேஜர் ஒரு சத்தம் போடவில்லை. அங்கேதான் ஏமாந்தாள்.

மத்தியானம் மீசை துடித்தது. பிறகு கால். பிறகு உடம்பு முழுக்க, கரண்ட் பாய்ந்த மாதிரி.

துணியோடு வாரிக்கொண்டு ஓடினாள். மிருக டாக்டர் முடியை மோந்து பார்த்தார். "என்னம்மா போட்டீங்க?"

சொன்னாள்.

"பூனைக்கு இது விஷம்மா. அதோட உடம்பால இதை முறிக்க முடியாது."

"பேன் அக்காவுக்கு ஒட்டிக்குமேன்னுதான் சார்..."

"பூனைப் பேன் மனுஷங்ககிட்ட தங்காதும்மா. அது பாட்டுக்கு இருந்திருக்கும். சீப்பால வாரிட்டு, என்கிட்ட வந்திருந்தா பூனைக்குன்னே மருந்து இருக்கு." அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கழுவினார், ஊசி போட்டார், மறுபடி ஊசி போட்டார்.

போன் அடித்தது. அக்கா.

"அடியே, இன்னிக்கே அனுப்பிட்டாங்கடி! வண்டியில ஏறிட்டேன். மேனேஜர் என்ன பண்றான்?"

மேஜையில் நுரை தள்ளிய வாயை அவள் பார்த்தாள். "குளிப்பாட்டினேன்க்கா."

"நீயா? கடிச்சுக் குதறியிருப்பானே!"

"கடிக்கல. பேன் இருந்துச்சு."

"அடப் பாவமே! நல்லா தேய்ச்சியா?"

"நல்லா... நல்லா தேய்ச்சேன்க்கா."

"உன் கை பட்டா எந்தப் பேன்டி பொழைக்கும்!" அக்கா சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், 'ஸ்ஸ்' என்று நிறுத்தினாள்.

டாக்டர் மேனேஜரின் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். அவளைப் பார்க்காமல் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"போனை அவன்கிட்ட குடுடி. நான் வந்துட்டேன்னு சொல்லணும்."

அவள் குனிந்து, போனை அந்தக் காதோரம் கொண்டுபோய்ப் பிடித்தாள்.