ஒப்பந்தத்தில் இல்லாத சொல்

சிவகாமசுந்தரி வாயைத் திறக்காமலே ஒரு நாளைக்குப் பதினோராயிரம் முறை பேசினாள். மாலை ஆறு மணிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், மறுநாள் விடியும்வரை ஒரு சொல்லும் வராது. செங்காங் வீட்டில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே தீவெங்கும் மின்தூக்கிகளும் மருந்தகங்களும் தொலைபேசிகளும் அவள் குரலில் பேசின. ஒவ்வொரு அறிவிப்பும் அவள் தொண்டையிலிருந்தே கழிந்தது. பூன் லே பக்கம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் கணவர் முத்துராமன் ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது அவருக்கென்று பேச்சு எதுவும் மிஞ்சியிருக்காது. கல்யாணமான நாள் முதல் சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாமல் பேசியவள் அவள். அவர் டிவியைப் போடுவார், அணைப்பார், திரும்பவும் போடுவார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து நான்காயிரம் வாக்கியங்களைப் படிக்கச் சொன்னது. அந்த வாக்கியங்களின் பதிவுகள் முழுக்க நிறுவனத்துக்கே சொந்தம் என்ற தாளில், பசி நேரத்தில், படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அவற்றைக் கேட்டுத்தான் இயந்திரம் பேசக் கற்றது. சாமி பேரைச் சொல்லாமல் அடுப்பைக்கூடப் பற்றவைக்காதவள், ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் மெதுவாக ‘முருகா’ என்றிருந்தாள். பதிவு செய்த பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அப்படித்தான் தொடங்கும்போல என்று வெட்டாமல் விட்டார். இயந்திரமும் அப்படியே நம்பியது.

தொண்டை மருத்துவர்கள் மூன்று பேர் ஒரு குறையுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னவர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி விற்கும் காதர் மைதீன்தான். “கிளினிக்ல என் நம்பரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி மிஷின் முருகான்னுச்சு அக்கா. உங்க வாய்ஸ்தான் லா,” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்குமாடி வீடுகளில் புளோக் புளோக்காக ஏறி இறங்கி, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் தானே பேசுவதைக் கேட்டு வயிறு எரிந்தாள். தன் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஊரார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்றிருந்தது.

வழக்கறிஞர் நிவேதிதா ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தாள். “ரெக்கார்டிங் அவங்களுது ஆன்ட்டி. குரலுக்குச் சொந்தக்காரங்கன்னு யாரையும் சட்டத்துல காட்ட முடியல. ஆனா முருகா ஸ்கிரிப்ட்ல இல்ல. நீங்க எழுதிக் கொடுக்காதது அது ஒண்ணுதான்.”

வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. மாலையில் கட்சிக்காரிக்குக் குரல் இருக்காது என்பதால் விசாரணையெல்லாம் காலையிலேயே நடந்தது. யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. கடைசியில் நிறுவனம் அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. ஒரு திங்கட்கிழமை காலை மின்தூக்கிகள் முருகா சொல்லாமல் கதவைத் திறந்தன. முழுக் குரலையும் திருப்பிக் கேட்டு வழக்காடியவள் மின்தூக்கிக்குப் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்றும் ஆறு மணிக்கு மற்ற சொல்லெல்லாம் தீர்ந்துபோனது. ஏழு மணிக்கு முத்துராமன் வாசலில் குனிந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து, “முருகா,” என்று கேட்டது. குனிந்தவர் நிமிரவில்லை. சற்று நீட்டி இன்னொரு முறை கேட்டது. “தோ வரேன், கை கழுவிட்டு,” என்றார்.

இப்போது அது குட்டையாக வந்தால் சாப்பாடு தயார், இழுத்து வந்தால் ஏன் இவ்வளவு நேரம், மூக்கால் வந்தால் மருந்து சாப்பிட்டீர்களா என்று அவருக்குத் தெரியும். சண்டைகூட அந்த ஒரே சொல்லில்தான் நடக்கிறது. பெரும்பாலும் அவளே ஜெயிக்கிறாள். அவர் டிவியைப் போடுவதில்லை.