வான்கோழிக்கு ஆகாத நிறங்கள்

றெனோல்ட் அம்பு வால்களிலிருந்து பழைய இறகுகளைச் சுரண்டி எடுப்பதைக் கண்டதுமே அனோஜினிக்கு விளங்கிவிட்டது. குசினி மேசையில் விரித்த பத்திரிகைத் தாளின் மேல் செம்மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுகள் சுருள் சுருளாய்க் கிடந்தன. பக்கத்தில் பசைக் குழாய். அதற்குப் பக்கத்தில் இன்னும் பிரிக்காத ஒரு பை. பைக்குள் வெள்ளை இறகுகள், கூடவே கொஞ்சம் சிவப்பு.

"உந்த இறகையே அம்புக்கு ஒட்டப் போறீங்கள்?"

"ஓம்."

"வான்கோழி வேட்டைக்கோ?"

"பின்ன என்னத்துக்கு?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கணவனுக்கு எதிர்க் கதிரையில் இருந்தாள். பசை மணத்துக்காகத் திறந்துவிட்ட யன்னலால் வில்லரே தெருவின் குளிர் உள்ளே வந்தது. ஏப்ரல் முடிந்தும் குளிர் போகவில்லை.

வேட்டை அனுமதி எடுப்பதற்கான வகுப்புக்கு இருவரும் ஒன்றாகத்தான் போயிருந்தார்கள். பிரெஞ்சில் நடந்த வகுப்பு. படிப்பித்தவர் ஒரு சேவல் வான்கோழியின் தலையைத் திரையில் பெரிதாகக் காட்டினார். வசந்தத்தில் அதன் உச்சி வெள்ளை, முகம் நீலம், கழுத்து சிவப்பு. இந்த மூன்று நிறத்தையும் உடம்பில் எங்கேயும் போடாதீர்கள் என்றார் அவர். கைக்குட்டையிலும் வேண்டாம், காலுறையிலும் வேண்டாம், அம்பின் வாலிலும் வேண்டாம். பற்றைக்குப் பின்னால் இன்னொரு வேட்டைக்காரன் இருப்பான், அவன் கண் தேடுவதும் இந்த மூன்றையும்தான்.

"அந்த மனிசன் சொன்னது ஞாபகம் இல்லையோ?"

"இருக்கு. ஆனா எனக்கு வேற என்ன நிறம் தெரியும், அனோ? நீரே சொல்லும்."

றெனோல்டின் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. இரண்டும் மங்கல் பழுப்பு. அவன் வேலை செய்யும் பேக்கரியில் ஒருவருக்கும் இது தெரியாது, கோயில் சிநேகிதர்களுக்கும் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

போன வருடம் அவன் தனியாகப் போயிருந்தான். நல்ல சேவல் ஒன்று கிட்ட வந்தது. எய்தான். அது ஒருமுறை துள்ளி, காட்டுக்குள் ஓடியது. செம்மஞ்சள் வால் கட்டிய அம்பு சருகுக்குள் எங்கேயோ விழுந்தது. அம்பு கிடைத்தால்தான் அடி எங்கே பட்டது என்று தெரியும், எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும். மத்தியானம்வரை முழங்காலில் தவழ்ந்து தேடினான். சருகும் செம்மஞ்சளும் அவனுக்கு ஒன்று. இலையில் சிந்தின இரத்தமும் சருகும் ஒன்று. வெறுங்கையோடு வந்து, ஒன்றும் வரவில்லை என்றான். ஒரு மாதம் கழித்துச் சாப்பாட்டுக்கு நடுவில்தான் சொன்னான்: "ஒரு உயிரைக் குத்திப்போட்டு அப்பிடியே விட்டிட்டு வந்தனான்." அன்றைக்கு அவன் கோப்பையில் இருந்த சோற்றை முடிக்கவில்லை.

"மஞ்சள் ஒட்டுங்கோ," என்றாள். "மஞ்சள் உங்களுக்கு வடிவாத் தெரியும்தானே."

"மே மாதம் அந்தப் புல்வெளி முழுக்க மஞ்சள் பூ. அதுக்குள்ள எங்க தேடுறது?"

"அப்ப நான் வாறன். என்ன நிறம் எண்டாலும் நான் தேடித் தாறன்."

அவன் கையிலிருந்த அம்பைக் கீழே வைத்தான். "கண் தெரியாதவனைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போற மாதிரியோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"வாரும். பேடு மாதிரிக் கத்துற பெட்டியை உரச வாரும், அதிலை நீர்தான் கெட்டிக்காரி. அம்பை நான் பாப்பன்." சற்றுப் பொறுத்து, குரலைத் தணித்துச் சொன்னான்: "மதாம் ஜினெத்தின்ர காணியில எங்களைத் தவிர ஒருத்தரும் வாறேல்லை. சும்மா பயப்படாதையும்."

ஒரு வெள்ளை, இன்னொரு வெள்ளை, நாணில் வைக்கும்போது பக்கம் தெரிவதற்காக மூன்றாவது சிவப்பு. ஒவ்வொரு அம்பாக ஒட்டி, வில்லோடு பூட்டின அம்புக்கூட்டில் சொருகினான். அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அவர்களை வேட்டையாட விட்ட மதாம் ஜினெத்தின் மேப்பிள் காடு நகரத்துக்குத் தெற்கே, எல்லைக்குக் கிட்ட இருந்தது. சனிக்கிழமை விடியப்புறம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மரங்களுக்கிடையே சாம்பல் வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காட்டின் கரையில், அடி பருத்த ஒரு மேப்பிளில் முதுகை வைத்து றெனோல்ட் இருந்தான். அவனுக்குப் பின்னால் இடப்பக்கமாக இன்னொரு மரத்தடியில் அனோஜினி. இருவருக்கும் இலைநிற உடுப்பு, முகத்தில் வலை. வில்லை அவன் முழங்காலில் நிறுத்தியிருந்தான். கூட்டிலிருந்த அம்பு வால்கள் அவன் தோளுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றன. அந்த அரை இருட்டிலும் அந்த வெள்ளை அவள் கண்ணில் வந்து வந்து குத்தியது.

காட்டை ஒட்டின புல்வெளிக்கு அங்கால் ஒரு சேவல் கூவியது.

அவள் சின்ன மரப்பெட்டியின் மூடியை மெல்ல உரசினாள். பேட்டின் குரல் எழுந்தது. சேவல் உடனே பதில் சொன்னது, முந்தினதைவிடக் கிட்ட. றெனோல்டின் தோள் நிமிர்வதை அவள் கண்டாள்.

மறுபடி உரசினாள். இந்தமுறை சேவலுக்கு முன்னால் வேறொரு பேடு கத்தியது. வலப்பக்கம், காட்டுக்குள்ளிருந்து. உண்மையான பேடாக்கும், சேவலைப் பறித்துக்கொண்டு போகப் போகுது என்று நினைத்தாள். பெட்டியை மடியில் வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். பேடு அதே குரலில், அதே இடைவெளி விட்டு, மறுபடியும் மறுபடியும் கத்தியது. எந்தப் பேடும் இப்படி அளந்து கத்தாது. அதற்குப் பிறகு சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. பாரமான சத்தம். அவள் தலையைத் திருப்பியதும் அது நின்றது.

விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் என்னவோ நிமிர்ந்தது. முதலில் அவள் அதை மரத்தின் கொப்பு என்று எண்ணினாள். கொப்பு மெல்ல நகர்ந்து நேராக நின்றது. துவக்கின் குழல்.

அது சேவலைப் பார்க்கவில்லை. சேவல் வெளியின் மேட்டில் நின்றது, விழுந்த மரத்தின் பக்கமிருந்து பார்த்தால் மரங்கள் மறைத்து அதைக் காணவே முடியாது. அங்கிருந்து தெரிவது றெனோல்ட் சாய்ந்திருந்த மரமும், அதன் ஓரத்தில் அசையும் வெள்ளையும் சிவப்பும் மட்டும்தான்.

சேவல் வாலை விரித்துக்கொண்டு மேட்டால் இறங்கி வந்தது. றெனோல்ட் வில்லைத் தூக்கி நாணை இழுக்கத் தொடங்கினான். கூடு சரிந்தது. வெள்ளை வால்கள் ஆடின, நடுவில் சிவப்பு எழும்பி நின்றது. குழல் அதோடு சேர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தது.

கை காட்டாதீர்கள், எழும்பாதீர்கள், பலத்த குரலில் கத்துங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு வருடமாக அவன் காத்திருந்த பறவை. இது தன் வீண் பயமாக இருந்தால்? குழல் ஆடாமல் நின்றது.

"சுடாதே!"

தமிழ்தான் வந்தது. துவக்குக்காரனுக்கு அது என்ன விளங்கியிருக்கும்? குழல் கீழே இறங்கவில்லை. அவள் அடி வயிற்றிலிருந்து அதையே பிரெஞ்சில் கத்தினாள்: "திரே பா! ஆள் இருக்கு! ஆக்கள் இருக்கிறம்!" பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். அந்தச் சத்தத்தில் றெனோல்டின் விரல் நாணை விட்டுவிட்டது. அம்பு எங்கேயோ பறந்தது. சேவல் பெரிய செட்டையடிப்போடு காட்டுக்கு மேலால் எழும்பிப் போனது.

"என்ன செய்தனீர்!" றெனோல்ட் திரும்பி அவளைப் பார்த்துக் கத்தினான். "என்ன செய்தனீர், அனோ! அது எனக்கு முன்னால..."

அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

விழுந்த மரத்துக்குப் பின்னால் ஒருவன் எழும்பி நின்றான். முப்பது வயதிருக்கும், தாடி வைத்தவன். முகவலையைப் பிடித்து இழுத்துக் கழற்றினான். துவக்கை நிலத்தைப் பார்க்கப் பிடித்தபடி தோட்டாக்களை எடுக்கப் பார்த்தான். ஒரு தோட்டா விழுந்து சருகில் மறைந்தது. அதைக் குனிந்து தேடப் போனவன் அப்படியே முழங்காலில் விழுந்து வாந்தியெடுத்தான்.

அவன் பெயர் பெலிக்ஸ். மதாம் ஜினெத்தின் தங்கை மகன். முந்தின நாள் பின்னேரம்தான் வந்தவன். இவர்கள் வருவதைப் பெரியம்மா அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் அவரிடம் கேட்கவில்லை.

"தலையைக் கண்டேன்," என்றான் பிரெஞ்சில். "வெள்ளை. பிறகு சிவப்பு. அசைந்தது. துவக்கின் பாதுகாப்புப் பூட்டையும் திறந்துவிட்டேன்." ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். "பூட்டையும் திறந்துவிட்டேன்."

றெனோல்ட் தன் வில்லிலிருந்த கூட்டைப் பார்த்தான். பிறகு அம்பு போன திசையைப் பார்த்தான். தூரத்தில், சருகுக்கு மேலே அந்த வெள்ளை வால் பளிச்சென்று நின்றது. தேடவே தேவையில்லாமல், அவன் கண்ணுக்கு முதன்முறையாக ஒரு அம்பு அங்கிருந்தே தெரிந்தது. அவன் அதை எடுக்கப் போகவில்லை. பெலிக்ஸ்தான் தள்ளாடி நடந்து போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"என்னுடைய பிழை," என்றான் றெனோல்ட் அவனிடம் பிரெஞ்சில். "இந்த நிறம் போடக்கூடாது என்று தெரிந்துதான் போட்டேன். எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது. வேறு நிறம் போட்டால் அம்பு கிடைக்காது." அந்நியன் ஒருவனிடம் அவன் அதைச் சொன்னது அனோஜினிக்கு அந்த நேரத்திலும் ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அவளுக்குள் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது.

"உங்கட பிழை மட்டும் இல்லை," என்றாள் தமிழில். பிறகு பெலிக்ஸ் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில்: "முழுப் பறவையையும் காணாமல் நீங்கள் எப்படித் துவக்கை நீட்டலாம்?"

பெலிக்ஸ் தலை நிமிரவில்லை. "உண்மைதான், மதாம்," என்றான்.

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

"என்னோட கோபமோ?" றெனோல்ட் கேட்டான்.

"இண்டைக்கு நான் உங்களை மடியில போட்டுக்கொண்டு அம்புலன்சுக்குக் காத்திருந்திருப்பன். அம்பை நான் தேடித் தாறன் எண்டு சொன்னனான். உங்களுக்கு அது வெக்கமாப் போச்சு."

அவன் யன்னலால் ஆற்றைப் பார்த்தான். "ஓம்," என்றான். "வெக்கம்தான்."

வேட்டையை விட்டுவிடப் போவதாக அன்று பின்னேரம் அவன் சொன்னான். அவள் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் ஒரு நாள் அவன் வேலையால் வந்தபோது, மேசையில் அவள் அம்புகளோடு இருந்தாள். வெள்ளையும் சிவப்பும் குப்பைக்குப் போயிருந்தன. எலுமிச்சம்பச்சை இறகில் இரண்டு, கறுப்பில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டிருந்தாள். கூட்டை மூடுவதற்குப் பழுப்புத் துணியில் ஒரு உறையும் தைத்திருந்தாள்.

அவன் ஒரு அம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது எனக்கு வெறும் சருகு."

"எனக்கு வடிவாத் தெரியுது. அது போதும்."

மதாம் ஜினெத்துக்கு அவள் தொலைபேசி எடுத்து, யார் எந்த நாள் வருவதென்று பேசி முடித்தாள். அடுத்த சனிக்கிழமை பெலிக்ஸ் வரமாட்டான் என்று அவர் உறுதி சொன்னார். அப்படியிருந்தும், மறுபடி அந்த மேப்பிளடியில் காத்திருந்த விடியலில் ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் அனோஜினி திரும்பிப் பார்த்தாள்.

சேவல் சத்தமில்லாமல் வந்தது. அவள் அதைக் கண்டபோது அது ஏற்கெனவே றெனோல்டுக்கு முன்னால் நின்றது. அது ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்த நேரத்தில் அவன் நாணை இழுத்தான். அது வெளியே வந்ததும் எய்தான். பறவை துள்ளியது. பிறகு காட்டுக்குள் ஓடியது.

றெனோல்ட் எழும்பி நின்றான். வலைக்குள்ளால் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "ஓடிட்டுது," என்றான். "போன வருஷம் மாதிரியே."

"நில்லுங்கோ. ஒரு இடமும் போகாதையுங்கோ."

அவள் குனிந்து, அம்பு போன பாதையில் நடந்தாள். இரண்டு பன்னச் செடிகளுக்கு நடுவில், சருகுக்குள் முக்கால்வாசி புதைந்து அது கிடந்தது. தூக்கினாள்.

"இருக்கோ?"

"இருக்கு."

"இரத்தம் என்ன நிறம்? வடிவாப் பாத்துச் சொல்லும்."

நுரையோடு வெளிர்ச் சிவப்பு என்றால் நெஞ்சில் பட்டிருக்கும், அதிக தூரம் போயிருக்காது. கறுத்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கும், மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அவள் அம்பை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"வெளிர்ச் சிவப்பு. நுரை இருக்கு."

"உண்மையாவோ?"

"உங்களுக்கு நான் ஏன் பொய் சொல்லுறன்?"

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு அவள் முன்னால் போனாள். இதில் ஒரு துளி, அந்தக் கல்லில் இரண்டு, இந்த இலையின் கீழே. அவள் விரலால் காட்டக் காட்ட அவன் பின்னால் வந்தான். ஓர் இடத்தில் துளிகள் நின்றுபோயின. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. றெனோல்ட் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவள் கீழே தேடுவதை விட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரப்பட்டையில் பூசினமாதிரி இரத்தம் தெரிந்தது. அதற்கு அப்பால், தாழ்ந்த கொப்புகளுக்குக் கீழே, செட்டையை விரித்தபடி சேவல் செத்துக் கிடந்தது.

றெனோல்ட் பக்கத்தில் போய் முழங்காலில் இருந்தான். வலையைக் கழற்றினான். முகம் நனைந்திருந்தது. கையை அதன் முதுகில் வைத்தான். இன்னும் சூடாக இருந்தது.

"இதின்ர இறகு மினுங்குது," என்றான். "என்ன நிறம் எண்டுதான் விளங்கேல்லை. சொல்லுமன்."

அவளும் பக்கத்தில் இருந்தாள். "கழுத்தடியில செம்பு மாதிரி. கையை எடுங்கோ பாப்பம்... முதுகில பச்சை, வெயில் பட்டால் பொன். பொறுங்கோ, செட்டையைத் திருப்பிப் பாக்கிறன்."

அவன் செட்டையின் நுனியைப் பிடித்து அவளுக்காகத் தூக்கினான்.