துணிக்குப் பின்னால் நின்றது யார்?

ஆஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில், அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறியதும் பக்கத்து வீட்டுக் கம்சிகா சொன்னதைக் கேட்டு நிவேதிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்கடை சிநேகிதியின்ரை தமையன் எடுத்த மராத்திப் படம் பாத்தனாங்கள். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு!"

"எங்க பாத்த?"

"ரெலிகிராமிலை. நான்தான் எல்லாருக்கும் அனுப்பினனான்." பெருமை வேறு.

சிநேகிதி ருதுஜா, ஆய்வகத்தில் நிவேதிதாவுக்குப் பக்கத்து மேசை. அவள் அண்ணன் ஐந்து வருடம் நாயாய் அலைந்து எடுத்த படம். புனேயில் காலையில் வெளியாகி, மாலைக்குள் ஊர்ப்பட்ட கைப்பேசிகளில் ஓசியில் ஓடிவிட்டது. தியேட்டர்காரர்கள் மறுவாரமே இந்திப் படத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் ஆஸ்லோவில் ஒரே காட்சி. வியாழனுக்குள் பாதி இருக்கையாவது விற்காவிட்டால் அதுவும் ரத்து. இதுவரை ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"எங்கப்பா கொத்தனாரு. அவர் கட்டின வீட்டுல கூலி குடுக்காமப் பூந்து படுத்துக்கிட்டு, 'அருமையா கட்டியிருக்கீங்க'ன்னா எப்படி இருக்கும்? அதத்தான் நீ செஞ்சிருக்க."

கம்சிகாவின் முகம் சுண்டியது. ஆனாலும் கேள்வி தொண்டையில் நிற்கவில்லை.

"கோவிக்காதேங்கோ அக்கா. துணிக்குப் பின்னாலை நிண்டது ஆர்?"

"எந்தத் துணி?"

"கலியாணத்திலை பொம்பிளைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவிலை துணி பிடிக்கினமே. துணி விலகுது, ஆள் ஆரெண்டு தெரியமுன்னம் படம் நிண்டிட்டுது! களவா எடுத்தவன்ரை போன் செத்துப்போச்சுப் போல. எல்லா லிங்கும் அதே கொப்பிதான். அம்மாவுக்கு நித்திரையே இல்லை."

நிவேதிதாவின் கோபத்துக்கு அடியிலிருந்து ஏதோ குபுகுபுவென்று கிளம்பியது. லிஃப்ட் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். டிக்கெட் எடு."

அன்றிலிருந்து போன இடமெல்லாம் முற்றுகை. கடையில் ஒருத்தி முருங்கைக்காயும் கையுமாக வழி மறித்தாள். கம்சிகாவின் அம்மா புஷ்பமலர் நண்டுக்கறியோடு கதவைத் தட்டினார். "பிள்ளை, எனக்கு மட்டும் காதுக்குள்ளை சொல்லும்."

நிவேதிதா நண்டை வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

வியாழன் மாலை ருதுஜா போனில் நாலு மொழியைக் கலந்து கூவினாள். அரங்கு நிறைந்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை, திரையில் கல்யாணம். புரோகிதர்கள் துணியைப் பிடித்தார்கள். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் நீலமாய் ஒரு வெளிச்சம். கம்சிகா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நிவேதிதா எழுவதற்குள் புஷ்பமலர் அதைப் பிடுங்கி, இருக்கையில் போட்டு, மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, திராமன் ரவுணிலை இருக்கிற சித்தி கேட்டவ..."

"சித்தி ரெயினேறி வரட்டும்! நான் காசு குடுத்து வந்தனான். வாயைப் பொத்து!"

துணி விலகியது. அரங்கமே எழுந்து கத்தியது. இருட்டில் ருதுஜா நிவேதிதாவின் கையைக் கிள்ளிக் கிள்ளியே சிவக்க வைத்துவிட்டாள்.