ஜில் மாஸ்டர் மாட்டிய கூலர்

இருபத்திரண்டு வருடமாக நான் ஏசி மெக்கானிக். வாடிக்கையாளர்கள் என்னை 'ஜில் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை நானே பரப்பிவிட்டேன் என்று என் மனைவி சொன்னால் நம்பாதீர்கள். பாதிதான் உண்மை.

என் மகள் ஒரு வருடம் பகுதிநேர வேலை பார்த்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்தாள். எல்லாவற்றையும் அவளே பூட்டினாள். ப்ராசஸரின் தலையில் உட்காருகிற கூலரை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன். அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள், பக்கத்தில் ஒரு ஃபேன், அவ்வளவுதான்.

"குளிர்ச்சின்னா அது அப்பா டிபார்ட்மென்ட். நீ கைய வைக்காத" என்றேன்.

அந்தக் கம்ப்யூட்டர், ஆட்டம் சூடுபிடித்த இருபதாவது நிமிடத்தில் படக்கென்று அணைந்தது. அதுவும் ஆன்லைன் போட்டியின் கால் இறுதியில்! ஐந்து பேர் கொண்ட அணி. மீதி நாலு பேரும் தட்டுத் தடுமாறி ஜெயித்தார்கள். அணியின் கேப்டன் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு செமி ஃபைனல். மூணே முக்காலுக்குள்ள மெஷின் சரியாகலன்னா உன் எடத்துல வேற ஆளை உக்கார வெப்பேன். தப்பா எடுத்துக்காத."

அந்த இடத்துக்காக ஒரு வருடம் தவம் கிடந்தவள் என் மகள். முகம் சுண்டிப்போய்விட்டது. "என் தப்புதான்ப்பா. ப்ராசஸரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கக் கூடாது. நல்லா ஏமாந்துட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுக்கிறவன் வீட்டில், ஒரு பெட்டி சூட்டில் அணைந்துபோவதா?

ஞாயிறு மதியம் களத்தில் இறங்கினேன். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினேன். அறை ஏசியைப் பதினாறில் வைத்தேன். மேசை ஃபேனை நேராகப் பெட்டிக்குள் திருப்பினேன். மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இது கம்ப்யூட்டருக்கு வைத்தியமா, இல்ல எங்களை ஃப்ரீசர்ல வைக்கற ஏற்பாடா?"

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இரேன்!"

திரையின் மூலையில் ப்ராசஸரின் சூடு எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஆட்டத்தைத் திறந்தாள். எழுபது, தொண்ணூறு, நூறு. படக்!

மணி மூன்று. கேப்டனிடம் பேச மகள் ஹாலுக்குப் போனாள். அவள் குரல் உடைவது எனக்குக் கேட்டது. சும்மா நிற்க முடியாமல் கூலர் தகடுகளைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தன.

அட மடையா! ஏசியின் வெளி யூனிட் சூடான காற்றைத் துப்பவில்லை என்றால், வீட்டுச் சூடு இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ வீடுகளில் கையை நீட்டிப் பார்த்து இதைச் சொன்னவன் நான். இங்கே கீழே ப்ராசஸர் கொதிக்கிறது, மேலே தகடு சில்லிட்டுக் கிடக்கிறது. சூடு தகட்டுக்கு ஏறவே இல்லை. அது ஏறாதவரை எத்தனை ஃபேன் வைத்தும் பிரயோஜனமில்லை.

நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிக் கூலரைத் திருப்பினேன். அடிப்பாகத்தில், சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் அப்பிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

மாட்டிய அன்றைக்கு நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துத்தான் விட்டேன். புது ஏசி மாட்டும்போது பிளாஸ்டிக்கை நான் உரித்தால், "பழைய சரக்கைத் தலையில கட்டறியா?" என்று சண்டைக்கு வருவார்கள். வாங்கினவர் கண்ணால் பார்த்து அவரே உரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பழக்கம் ஊறிவிட்டது. எங்கள் வீட்டு டிவி ரிமோட்கூட ஆறு வருடமாக உறைக்குள்தான் இருக்கிறது.

உரித்தேன். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, கூலரோடு வந்த ட்யூபிலிருந்து புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, கூலரை அழுத்தி, ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாற்றி முடுக்கினேன். மகளின் காலடிச் சத்தம் கேட்டதும் என் கை அந்தப் பிளாஸ்டிக்கைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டது. பெரிய ஜில் மாஸ்டர்!

அவள் ஆட்டத்தைத் திறந்தாள். அறுபது. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை. தகட்டைத் தொட்டேன். இதமான சூடு கையில் ஏறியது.

"அப்பா! என்ன பண்ணீங்க?"

"சும்மா... கழட்டி மாட்டினேன்."

நாலு மணிக்கு உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினாள். கடைசிச் சுற்றில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஜெயித்தார்கள்! மனைவி போர்வையை எறிந்துவிட்டுக் கை தட்டினாள்.

மகள் மைக்கில் அணியினரிடம் சொன்னாள். "எல்லாம் எங்கப்பாதான். மட்டமான ப்ராசஸரை நான் வாங்கித் தொலைச்சேன், பாவம் அவர்தான் மதியமெல்லாம் போராடினார்."

"தேங்க்ஸ் அங்கிள்!" என்று நாலு குரல்கள்.

எனக்குச் சுரீரென்றது. மைக்கை என் பக்கம் இழுத்தேன். "பிள்ளைங்களா, ப்ராசஸர் தங்கம். கூலர் அடியில இருந்த பிளாஸ்டிக்கை உரிக்காம மாட்டின முட்டாள் நான்தான். என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

நாலு பேரும் ஸ்பீக்கர் கிழியச் சிரித்தார்கள். "அங்கிள், ஃபைனல் வரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க!" என்றாள் கேப்டன்.

மகள் மட்டும் சிரிக்காமல் என் சட்டைப் பையைக் காட்டினாள். துணியில் பேஸ்ட் சாம்பல் நிறத்தில் ஊறியிருந்தது. சிவப்பு எழுத்து வெளியே எட்டிப் பார்த்தது.

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்ப்பா."

"அப்புறம் ஏம்மா பழியை உன் மேல போட்டுக்கிட்டே?"

"ஜில் மாஸ்டர் பேரு கெட்டுப்போயிடுமேன்னுதான்."

அவள் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மனைவி ஏசியை அணைத்துவிட்டு, டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"நாங்க எல்லாரும் கண்ணால பாத்தாச்சு. புதுசுதான். உரிங்க."

உரித்தேன்.