டேட்டா ரீசனிங்குக்கு ஒரு வாத்தியார்

என் அப்பா நல்லகாமன் உசிலம்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். போன வருடம் மூன்று மாதம், பருத்திக்கொட்டை வாங்க வந்தவர்களிடம் எல்லாம் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம பிள்ளைக்கு டேட்டா ரீசனிங் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்ப்பா. யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

சினைமாடு விசாரிப்பது போலவே கேட்பார். வந்தவர்கள், இந்தப் பெண்ணுக்கு என்ன வியாதியோ என்பது போல என்னைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பெரிய பிசினஸ் ஸ்கூல்களில் எம்.பி.ஏ. சேர ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் மூன்று பகுதிகள். ஆங்கிலமும் கணக்கும் எனக்கு வந்துவிடும். நடுவில் நாற்பது நிமிடம் வருகிற டேட்டா ரீசனிங்தான் இரண்டு வருடமாக என்னைக் கவிழ்த்தது. எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இவர் பக்கத்தில் அவர் உட்காரமாட்டார், அவருக்கு எதிரே இன்னொருவர் உட்காரக் கூடாது என்று பத்து நிபந்தனைகள் கொடுத்துவிட்டு, யார் எங்கே என்று கேட்பார்கள். மற்ற இரண்டு பகுதிகளில் எவ்வளவு வாங்கினாலும் இதில் ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்த வருடம் அவ்வளவுதான்.

முதலில் தவசி வாத்தியார் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு வாரம் சதவீதம் சொல்லிக் கொடுத்தார். வட்ட மேசைக் கணக்கைக் காட்டியதும், "இதெல்லாம் கணக்காம்மா? வேலையத்தவன் செஞ்சது" என்று கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து மதுரையில் ஒரு பயிற்சி மையம். அறுபது பேர் உட்கார்ந்திருந்த அறையில் வாத்தியார் விடைத்தாளைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுதினார். சந்தேகம் கேட்டால், "ஹோம்வொர்க்கா பண்ணிட்டு வாங்க" என்பார். மூன்றாவதாக ஆன்லைனில் ஒரு பெங்களூர்க்காரி. அவள் பேசுகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது.

கடைசியில் ஆளை நானே கண்டுபிடித்தேன். தேர்வுக்குப் படிக்கிறவர்களின் டெலிகிராம் குழு ஒன்றில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். யார் எந்தக் கணக்கைப் போட்டாலும் எஸ்.பி. என்று ஒருவன் பத்து நிமிடத்தில் தாளில் கட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடுவான். அந்தக் கட்டத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். தனியாகச் செய்தி அனுப்பி எந்த ஊர் என்று கேட்டேன். உசிலம்பட்டியில் கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிறேன் என்று பதில் வந்தது. எங்கள் கடையிலிருந்து நான்காவது கட்டடம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் பெயர் சிவபாண்டி. பி.எஸ்சி. புள்ளியியல். என்னைவிட நான்கு வயது மூத்தவர். கடைக்கு வந்தபோது அப்பா முதலில் கேட்டது படிப்பை இல்லை.

"எந்த ஊருப்பா?"

மதுரை ரோட்டில் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரைச் சொன்னார்.

"ஊருல எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னார். "எங்கம்மா முருகம்மா. முன்ன உங்க வயலுக்குக் களையெடுக்க வந்திருக்கு, சார்."

அப்பா அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் குடோன் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "வீட்டுல எடம் பத்தாது. இங்கயே வச்சுப் படிங்க." எங்கள் வீட்டில் நான்கு படுக்கையறைகள் இருக்கின்றன. ஆள் போன பிறகு, "ஐயாங்கல, சார்ங்கிறான் பாத்தியா" என்று அப்பா என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன்.

சிவபாண்டி சம்பளம் கேட்கவில்லை. அவரும் அதே தேர்வைத்தான் எழுதப் போகிறார். டேட்டா ரீசனிங்கில் புலி. ஆங்கிலத்தில் நீண்ட பத்தியைக் கண்டால் நின்றுவிடுவார். "நான் உங்களுக்கு இதச் சொல்லித் தாரேன். நீங்க எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தாங்க" என்றார். அதுதான் பேச்சு. அதற்கு முந்தின வருடமே தேர்வாகியிருக்க வேண்டியவர், ஆங்கிலத்தில் தவறிவிட்டார். மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் அவருக்குச் சார்ஜாவில் கிடங்கு வேலைக்கு விசா ஏற்பாடு செய்திருந்தார். "இந்த வாட்டி எழுதிக்கிறேன், கிடைக்கலைன்னா ஜனவரியில கெளம்பிர்றேன்னு சொல்லிருக்கேன். இதுக்கு மேல மச்சானைக் காக்க வைக்க முடியாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். "மொதல்ல யாரு எங்க உக்காருவாங்கன்னு தேடாதீங்க. யாரு எங்க உக்காரவே முடியாதுன்னு அடிச்சுக்கிட்டே வாங்க. மிச்சம் நிக்கிறதுதான் விடை" என்பார். நான் தப்பாகப் போட்டால் கோபப்படமாட்டார், புதுத் தாள் எடுத்துத் தருவார். பதிலுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது இருபது நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. தலைவலி என்பேன். அவர், "பரவாயில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். வீட்டில் அப்படிச் சொன்னபோது அம்மா ஜெயக்கொடிக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன அண்ணே நொண்ணேன்னுக்கிட்டு? பேரச் சொல்லு போதும்." அதன் பிறகு வீட்டில் பேரைச் சொன்னேன்.

நான்கு மாதத்தில் நான் தேறிவிட்டேன். கடைசி மாதிரித் தேர்வில் அந்தப் பகுதியில் எனக்குத் தொண்ணூற்றொன்று பெர்சன்டைல் வந்தது. அவருக்கு எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றெட்டு. ஆங்கிலத்தையும் பாதி அவராகவே படித்துத் தேற்றிவிட்டிருந்தார். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதாகச் சொன்னால் பொய். எனக்கு எரிந்தது.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மேலூர் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி, எங்கள் இரண்டு பேருக்கும் அதே மையம், அதே காலை எட்டரை மணி. எட்டேகாலுக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். சிவபாண்டி முந்தின நாளே வில்லாபுரத்து அக்கா வீட்டில் போய்த் தங்குவதாக இருந்தார். அப்பாதான் தடுத்தார்.

"எதுக்குப்பா அலையிற? காரு சும்மாதான போகுது? ஒங்க ஊரு ஸ்டாப்புல ஆறேகாலுக்கு நில்லு. ஏத்திக்கிட்டுப் போறேன்."

மனதாரத்தான் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். சிவபாண்டிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

ஞாயிறு விடிகாலையில் அப்பா காரைக் கிளப்பி வாசலில் நிறுத்தியிருந்தார். அம்மா எனக்குத் திருநீறு பூசிவிட்டு, "யாரு யாரு போறீக?" என்று கேட்டாள்.

"நானும் பாப்பாவும். வழியில அந்தப் பய ஏறிக்கிருவான்" என்றார் அப்பா.

"மூணு பேராவா? மூணு பேரா போனா போற காரியம் வெளங்குமா? ரெண்டு வருசமா அது அழுதது பத்தாதா?"

அப்பா இன்ஜினை அணைத்தார். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனாலும் பத்திரம் பதியப் போனாலும் மூன்று பேராகப் போகமாட்டார்கள். அவருக்கும் அது நெஞ்சில் தைத்துவிட்டது. "அப்ப நீயும் வா, நாலாயிரும்" என்றார்.

"நான் எங்கன ஒக்கார்றது?"

"முன்னாடி ஒக்காரு."

"அப்ப பின்னாடி இவ பக்கத்துல அவன் ஒக்காருவானா? வயசுப்பிள்ள பக்கத்துல?"

"சரி, பாப்பா முன்னாடி வரட்டும். நீ பின்னாடி வா."

"அவன் பக்கத்துல நானா?" அம்மா சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். "அவன ஒங்க பக்கத்துல ஒக்கார வச்சுக்கங்க."

"கடைவீதி பூராவும் பாக்கும்டி. நான் அவனுக்கு டிரைவர் வேலையா பாக்குறேன்?"

நான் காருக்குப் பக்கத்தில் நின்றபடியே மனதுக்குள் கட்டம் போட்டேன். பழக்கம் அப்படி ஆகியிருந்தது. ஓட்டுகிறவர் அப்பா. முன்னால் சிவபாண்டி, முடியாது. பின்னால் அம்மா பக்கத்தில், முடியாது. பின்னால் என் பக்கத்தில், முடியாது. எந்த இடத்திலும் அவரை வைக்க முடியவில்லை. விடையே இல்லாத கணக்கு வந்தால் நிபந்தனையில் ஒன்று தப்பு என்று அர்த்தம். நான் வாயைத் திறந்து, என் பக்கத்தில் உட்காரட்டும், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் போதும். நான் அழுதால் அப்பா தாங்கமாட்டார், அன்றைக்கு எதைக் கேட்டாலும் செய்திருப்பார். நான் கேட்கவில்லை. தொண்ணூற்றெட்டு என்ற எண் என் மண்டைக்குள் இருந்தது.

"சரி, நம்ம ரெண்டு பேரு போவோம். அவன் பஸ்ஸுல வரட்டும்" என்று அப்பா முடித்தார்.

"போன் பண்ணிச் சொல்லிரவா?" என்று கேட்டேன்.

"நீ படிச்சத நெனச்சுக்கிட்டு வா. நான் பாத்துக்கிறேன்." என் போனை வாங்கி டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினார். பேசுவார் என்று நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வெளியே பனி இறங்கியிருந்ததால் ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டினார். அந்த ஊர் ஸ்டாப்பை நெருங்கும்போது ஒரு மதுரை பஸ் அப்போதுதான் அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. எங்களை நம்பி அவர் அதில் ஏறாமல் விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தது வர அரை மணி நேரமாவது ஆகும்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். எங்கள் கார் தெரிந்ததும் கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு ரோட்டோரத்துக்கு வந்தார். அப்பா ஆக்சிலேட்டரை அழுத்தினார். அவர் சட்டென்று ஒரு அடி பின்னால் வைத்தது தெரிந்தது. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டுக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. நாகமலை தாண்டும் வரை அடித்துக்கொண்டே இருந்தது. "பஸ்ஸு கெடைக்கும்மா. அவனுகளுக்கெல்லாம் பழக்கந்தான்" என்றார் அப்பா.

ஏழரைக்கே உள்ளே போய்விட்டேன். கைரேகை எடுக்க இரண்டாம் மாடி வராந்தாவில் வரிசை நின்றது. அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும். எட்டேகாலுக்குக் காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டினார். எட்டு இருபத்தொன்றுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து வெள்ளைச் சட்டை குதித்து ஓடி வந்தது. கவரைக் கம்பிக்குள் நீட்டி நீட்டிக் காட்டினார். காவலாளி கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். சிவபாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடுத்து" என்று என்னைக் கூப்பிட்டார்கள், போனேன்.

டேட்டா ரீசனிங்கில் அன்று ஒரு வட்ட மேசைக் கணக்கு வந்தது. ஏழு நிமிடத்தில் போட்டேன். அந்தப் பகுதியில் தொண்ணூற்றாறு பெர்சன்டைல். மத்தியானம் அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது: "எப்படி எழுதினீங்க?" பரவாயில்லை என்று அனுப்பினேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. குடோன் பக்கமும் வரவில்லை. ஜனவரியில் சார்ஜா போய்விட்டதாகக் கூரியர் ஆபீஸில் சொன்னார்கள்.

எனக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பேச்சிமுத்து மாமா வீட்டுக்கு வந்தார். அவர் மகள் சத்யப்ரியாவும் அதே தேர்வை எழுதப் போகிறாள், அவளுக்கும் அதே பகுதிதான் தகராறு.

"அந்தப் பய நம்பர் இருக்கா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். "சார்ஜாவுல இருந்தா என்ன, போனுலயே சொல்லிக் குடுக்கட்டும். அவன மாதிரி யாரு சொல்லிக் குடுத்தா?"

கேட்கக் கூச்சமே இல்லை அவருக்கு. எனக்கு மட்டும் என்ன இருந்தது? ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அஸ்வினியா? காலேஜ் கெடைச்சிருச்சாமே, குரூப்புல பாத்தேன். ரொம்பச் சந்தோசம்."

சத்யப்ரியாவைப் பற்றிச் சொன்னேன்.  அந்தப் பக்கம் வண்டிகள் பின்வாங்கும் பீப் ஒலி கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு" என்றார். "அன்னைக்குக் காருல எடமில்லையா? ஹெட்லைட் கண்ணக் கூசிருச்சு. உள்ள யாரு யாரு இருந்தீகன்னு தெரியல."

அப்பா என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். அன்றைக்குப் பின்சீட்டில் என் தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் இல்லை.

"ஆமாண்ணே" என்றேன். "கெளம்புற நேரத்துல மாமா வீட்டு ஆளுகளும் ஏறிட்டாக. காரு நெறஞ்சுபோச்சு. போன் வேற சைலண்ட்ல கெடந்துச்சு."

"அதான். அப்படித்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன்." குரலில் அவ்வளவு நிம்மதி. "எங்கம்மா வேற மாதிரிப் பேசிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் அப்படியெல்லாம் இருக்காது, அவுக நல்ல ஆளுகன்னு சண்டை போட்டேன். இன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லிர்றேன். எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்தப் பிள்ள நம்பர அனுப்புங்க, நான் சொல்லித் தாரேன்."

போனை வைத்தேன். "எம்புட்டுச் சூதானமாப் பேசுறா பாத்தியா மாப்ள" என்று அப்பா மாமாவிடம் பெருமையாகச் சொன்னார். நான் சத்யப்ரியாவின் நம்பரை அனுப்பினேன்.