எலுமிச்சை மரத்தடியில் நின்ற தண்ணீர்

அம்சம் எலுமிச்சை மரத்தடியில் குனிந்து பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பட்டை அப்படியே கழன்று கையோடு வந்தது. உள்ளே பழுப்பாக இருந்தது, பிசின் வழிந்தது. போன வாரம் ஒரு மரம் இப்படித்தான் போனது. அவள் நின்ற இடத்தில் தண்ணீர் கணுக்கால் வரை இருந்தது.

டவுன் சாக்கடையைச் சுத்தம் செய்யும் ஆலை வந்தபோது, அந்தத் தண்ணீரைப் பழத்தோட்டத்துக்குத் தருகிறோம் என்றார்கள். ஊரில் யாரும் போகவில்லை. அவள் புருஷன் மருதையன் மட்டும் போய்க் கேட்டு வாங்கி வந்தான். நில உச்சவரம்புச் சட்டத்தில் அவன் அப்பாவுக்குக் கிடைத்த நிலம்தான் இந்த எலுமிச்சைத் தோட்டம். பட்டா வந்தது, ஆற்றுத் தண்ணீர் அந்த நிலம் வரைக்கும் வந்ததில்லை. ஒருமுறை பண்ணையின் மடையைத் திறந்துவிட்டார் என்று அப்பாவைக் களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அடிக்கச் சொன்னவரின் பேரன் சிங்காரவேலுதான் இப்போது கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரன். அப்பா அந்தத் தாத்தாவை ஐயா என்பார். பேரன் மருதையனை அண்ணே என்கிறான். அந்த அளவுக்கு ஊர் மாறியிருந்தது.

ஆற்றுத் தண்ணீர் போல ஆலைத் தண்ணீருக்கு நாள் முறை கிடையாது. பைப்பைத் திறந்தால் வந்துகொண்டே இருக்கும். மருதையன் நெல்லுக்குக் கட்டுவது போல நாலு பக்கமும் வரப்பு போட்டுத் தேக்கினான். இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் விட்டான். அம்சத்துக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பயிர் காய்ந்து சாவதும் தெரியும், வெள்ளத்தில் மூழ்கிச் சாவதும் தெரியும். கணுக்கால் தண்ணீர் கெடுதல் என்று நெல் போட்டவர்கள் யார் நினைப்பார்கள்? செத்த மரத்தைப் பிடுங்கியபோதுதான் வேர் அழுகி நாறுவது தெரிந்தது.

"கீழ வரப்ப வெட்டி வடிய வுடணும்," என்றாள். "பைப்பையும் மூடு."

"மூடுனா சிங்காரவேலுக்குக் குடுத்துருவாங்க. மனு போட்டுருக்கான். வடிஞ்சாலும் அவன் நெலத்துக்குத்தான் போவும்."

"போனா போவட்டும்."

அவன் மேல் வரப்புக்கு மண் அணைக்கப் போனான்.

சாயங்காலம் சிங்காரவேலு பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தான்.

"அண்ணே, ஆத்துல தண்ணி வரல. குறுவை நாத்து காயுது. ஒங்களுக்கு வேண்டாத தண்ணிய இந்தப் பக்கம் வுட்டா என்ன?"

"போன வருசம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போனீங்களே தம்பி," என்றாள் அம்சம்.

"இப்பயும் நாறத்தான் செய்யிது அண்ணி. நெல்லுக்கு மூக்கா இருக்கு?"

அம்சத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருதையன் சிரிக்கவில்லை. "வேண்டாத தண்ணின்னு யாரு சொன்னா?" என்றான். சிங்காரவேலு வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தான்.

"எங்கப்பா அடி வாங்குன ஊருடி இது."

"மாமா தண்ணி இல்லாம அடி வாங்குனாரு. நீ தண்ணிய வச்சிக்கிட்டு மரத்தக் கொல்ற. பைப்பு வர்றதுக்கு முன்னாடி நான் கொடத்துல சொமந்து ஊத்துனேன். ஒண்ணாவது செத்துச்சா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கீழ் வரப்பில் இரண்டு கொத்து போட்டாள். மூன்றாவது கொத்துக்கு மண் தானாகவே சரிந்தது. தண்ணீர் கலங்கலாக இறங்கிச் சிங்காரவேலுவின் நாற்றங்காலை நோக்கி ஓடியது.

மருதையன் வேகமாக வந்து உடைப்பில் இறங்கி நின்றான். அடைப்பதற்கு மண் பக்கத்திலேயே கிடந்தது. அம்சம் மம்பட்டியைக் கீழே போடவில்லை.

அவன் குனியவில்லை. தண்ணீர் அவன் கணுக்காலில் மோதி, இரண்டாகப் பிரிந்து, பின்னால் ஒன்றாகச் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. மேலே பைப்பு இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. மரங்களின் அடியில், தண்ணீர் அதுவரை நின்ற உயரத்தில், ஈரமான சேற்றுக் கோடு ஒன்று தெரிய ஆரம்பித்தது.