லா சப்பலில் கத்திய கழுதை

1985 பங்குனி தொடக்கம், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தவர்கள் பொய் சொல்ல வாயைத் திறந்தால் கழுதை கத்தியது. காரணம் கேவான் என்ற ஈரான்காரர். அந்த மாடித் தமிழர்கள் வேலை செய்த உணவகக் குசினியில் வெங்காயம் வெட்டியபடி, அங்கேயே பழகிய தமிழில் தன் நாட்டு நீதிக்கதைகளைச் சொல்வார். சபையில் யார் பொய் சொன்னாலும் கத்திய கழுதையை ஒரு ராசா வெட்டிப்போட, போக இடமில்லாத அதன் குரல் பொய்க்காரர்களின் தொண்டையிலேயே குடியேறிவிட்டதாக ஒரு கதை. எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள், தான் மனேச்சர் வேலை பார்ப்பதாகப் பெண்சாதிக்குத் தொலைபேசியில் சொல்லப்போன யோகநாதன் கத்திய கத்தலில், பின்னால் வரிசையில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள்.

பிறகென்ன, "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால்கூட ஆட்கள் யோசித்துத்தான் பதில் சொன்னார்கள். ஷிராஸில் பேராசிரியராக இருந்ததாகச் சொல்லித் திரிந்த கேவானும் ஒருநாள் கத்தினார்.

அதே மாடியிலிருந்த அம்புறோஸுக்கு மட்டும் இது விளையாட்டில்லை. அகதி விசாரணைக்கு, ஆட்களுக்குக் கேஸ் எழுதுகிற வாமதேவன் எழுதிக்கொடுத்த கேஸில், அவனுடைய அண்ணன் பேதுருவை ஆமி சுட்டுக் கொன்றிருந்தது. பேதுருவோ மன்னாரில் உயிரோடு வலை இழுத்துக்கொண்டிருந்தார். கேஸ் நின்றால் பெண்சாதி மரியகொறற்றியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "என்ரை அண்ணனை ஆமி சுட்டுப்போட்டுது" என்று பாடமாக்கத் தொடங்கினாலே கத்தல். அதுவும் மன்னார்த் தெருவில் திரிகிற கழுதையின் அதே இழுவை. மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிப் பார் என்றான் வாமதேவன். அதற்கும் கத்தியது.

"கேவான் அண்ணை, இந்தச் சனியனைக் கழட்டிவிடுங்கோ. என்ரை குடும்பம் அழிஞ்சுபோம்."

"கதை சொன்னது நான். உள்ளுக்கு விட்டது நீர்," என்றார் கேவான். "எங்கடை ஊரிலை எல்லாரும் இதோடைதான் இருக்கினம்."

திங்கட்கிழமை பின்னேரம்வரை கத்தல் குறையவில்லை. செவ்வாய் காலை விசாரணை. மொழிபெயர்க்க வந்த புதுச்சேரிப் பெண்மணி "சொல்லுங்க" என்றார். அம்புறோஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னான். அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் மாதாவுக்கு நன்றி சொன்னான். அடுத்த மூச்சில்தான் விளங்கியது, சொன்னது பொய்யில்லை என்று. "இன்னொருக்காக் கேளுங்கோ அம்மா, கேளுங்கோ!" என்று கெஞ்சினான். திரும்பச் சொன்னான், உரக்கச் சொன்னான். பாழாய்ப்போன கழுதை வாய் திறக்கவில்லை. மேசையில் தலையை அடித்து அவன் அழுததைக் கண்ட அதிகாரி, நம்பத்தக்க வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டார். கேஸ் நின்றது.

அதற்குப் பிறகு வந்தவை, ஊரில் தபாலும் தொலைபேசியும் அறுந்துகிடந்த வருடங்கள். ஞாயிறு பூசை முடிய, புறநகர் ஸ்தேனிலிருந்துகூட ஆட்கள் வந்து கேவானிடம் அந்தக் கதையைக் கேட்பார்கள். பிறகு ஊரிலிருக்கிற தாயின், பிள்ளையின் பெயரைச் சொல்லி, "செத்துப்போச்சு" என்பார்கள். கழுதை கத்தினால் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவார்கள். விசா வரும்வரை அம்புறோஸும் ஒவ்வொரு ஞாயிறும் வரிசையில் நின்றான். "மரியகொறற்றியும் பிள்ளையும் செத்துப்போச்சினம்" என்பான். நன்றாகக் கத்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவான்.